சிக்னல்காரரின் கை

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அப்பாவின் இடது காதை மூன்றாவது முறையாகத் துடைத்தாள் கொக்கி. பஞ்சில் இன்னும் நாலைந்து மணல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"போதும் விடு," என்றான் அண்ணன். அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அப்பாவுக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். "காதுக்குள்ள யாரு வந்து எட்டிப் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறேன்ல."

அவன் அடுத்த பொத்தானைக் கழற்றினான். மூன்று நாளாக அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இந்த அளவுக்குத்தான் பேச்சு. ஆஸ்பத்திரியில் கையெழுத்து, வண்டிக்கு நேரம், பெட்டிக்கு அளவு. மற்றபடி ஒருவர் அறைக்குள் வந்தால் மற்றவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். பாவம், அண்ணிதான் இரண்டு பேருக்கும் நடுவே தபால்காரி மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

கொக்கி இன்னொரு பஞ்சை எடுத்தாள். வானத்தில் தொங்கிவிட்டு வந்த மனிதரின் காதுக்குள் இவ்வளவு மணல் எப்படிப் போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. கடற்கரைக்குப் போனால் மணல் எங்கேதான் போகாது என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. அப்பாவின் வலது கை கட்டிலின் மேல் மல்லாந்து கிடந்தது. அந்தக் கை மூன்று நாளைக்கு முன்னால் வானத்திலிருந்து சொன்னதை அவள் சரியாகப் படித்தாளா? தப்பாகப் படித்திருந்தால், இறக்கிவிடச் சொன்ன அப்பாவை இன்னும் மேலே ஏற்றிக் கொன்றவள் அவள்தான்.

அப்பா துறைமுகத்தில் சிக்னல்காரர். சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையால் வழி சொல்லும் வேலை. முப்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. அப்பாவின் கைதான் அவருக்குக் கண். முன்கையை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்க்க வைத்துச் சின்னதாக வட்டம் போட்டால் 'தூக்கு'. கையைத் தாழ்த்தி, விரலைத் தரையைப் பார்க்க வைத்து வட்டம் போட்டால் 'இறக்கு'. வட்டம் போடும் விரலுக்கு மேலே இன்னொரு உள்ளங்கையை அசையாமல் பிடித்தால் 'மெதுவாக'. ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் 'நிறுத்து'. இரண்டு கையையும் அப்படி நீட்டினால், யாரோ சிக்கிக்கொண்டார்கள், உடனே நிறுத்து. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், எல்லாம் அப்படியே இருக்கட்டும், யாரும் எதையும் தொடவேண்டாம்.

பிற்பாடு துறைமுகமே வாக்கி டாக்கிக்கு மாறிவிட்டது. அப்பா இடுப்பில் ஒன்றை அலங்காரத்துக்குச் செருகிக்கொண்டு, முப்பத்தொரு வருடத்தையும் கையாலேயே ஓட்டிவிட்டார். வீட்டிலும் அதே கதைதான். வாய் பேசாததற்கெல்லாம் சேர்த்துக் கை பேசும். சாப்பாட்டு மேசையில் விரல் மேலே சுற்றினால் இன்னும் வேண்டும், உள்ளங்கை கவிழ்ந்தால் போதும். கல்யாணமாகி வந்த முதல் நாள் அண்ணி பரிமாறும்போது, அப்பா கையை நீட்டிக் கவிழ்த்தாராம். மாமனார் ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து அண்ணி கரண்டியோடு குனிந்துவிட்டாள். அந்தக் கதையைப் பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கொக்கி என்பதும் அவர் வைத்த பெயர்தான். ஐந்து வயதில், வேலை முடிந்து வந்த அப்பாவின் கையில் தொங்கிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடிப்பாள். கிரேன் கயிற்றின் நுனியில் தொங்கும் கொக்கி மாதிரி. பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று இருந்தது. அதை வீட்டில் யாரும் கூப்பிட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. பதினொரு வயதில் ஒருநாள் ரோட்டைக் குறுக்கே கடக்கப் போனவள், எதிர்ப்பக்கம் நின்ற அப்பா இரண்டு கையையும் அகல விரித்ததைப் பார்த்து நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுவிட்டாள். லாரி அவள் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. அப்பாவின் கையைத் தன்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் இந்த உலகத்தில் அப்பாவுக்குக் கிரேன் ஓட்டிய கிரேன் மாமா ஒருவர்தான் என்பது அவள் கர்வம். அந்தக் கர்வம்தான் இப்போது அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

கடற்கரைக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான். அம்மா போய் ஒன்பது வருடம். அப்பா வேலையை விட்டு நாலு மாதம். காலையில் எழுந்து, துறைமுகத்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்க்க முடியாமல்தான் மூன்று நாள் எங்கேயாவது போய்வரலாம் என்று அண்ணனையும் அண்ணியையும் கிளப்பினாள். வெயிலும் பச்சைத் தண்ணீரும் நீளமான வெள்ளை மணலுமாக இருந்த இடம். வண்ண வண்ணக் குடைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீரில் சீறிப் பாயும் ஸ்கூட்டர்கள், ஆளைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் பின்னால் பறக்கும் பெரிய பாராசூட்.

இரண்டாம் நாள் காலையில் அண்ணன் அப்பாவை ஜெட் ஸ்கீ என்கிற அந்தத் தண்ணீர் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனான். பாறைத் திருப்பத்துக்கு அப்பால் மறைந்தவர்கள் இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்கள். இருவரும் தலையோடு கால் நனைந்திருந்தார்கள்.

"எப்படி மாமா ஓட்டினார் உங்க பிள்ளை?" என்று அண்ணி கேட்டாள்.

அப்பா மகனைப் பார்த்து ஆள்காட்டி விரலைச் சுற்றி, அதற்கு மேலே இன்னொரு உள்ளங்கையை வைத்துக் காட்டினார். மெதுவாக ஓட்டச் சொல்லு. அண்ணியும் கொக்கியும் சிரித்தார்கள். அண்ணன் லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் பாராசெயிலிங். அதை அப்பாவேதான் கேட்டார். வாயால் கேட்கவில்லை. மணலில் உட்கார்ந்து அரை மணி நேரமாக அந்தப் பாராசூட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

படகில் கயிற்றுக்காரர் விளக்கினார். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே விடுவோம், கவிழ்த்தால் இறக்குவோம். அப்பா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தன்னைக் கட்டியிருந்த பட்டைகளையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாக மூன்று முறை இழுத்துப் பார்த்தார். கயிற்றுக்காரரின் முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். கயிற்றுக்காரர் முகத்தைச் சுளித்தார். படகின் பின்புறம் இருந்த உருளை சுழன்று கயிற்றை விட, அப்பாவின் கால்கள் படகிலிருந்து எழும்பின. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. வேலை நேரத்து முகம்.

பாதி உயரத்தில் உருளையை நிறுத்திவிட்டுக் கயிற்றுக்காரர் மேலே பார்த்தார். அப்பா கட்டைவிரலைக் காட்டவில்லை. முன்கையை நிமிர்த்தி ஆள்காட்டி விரலைச் சுற்றினார்.

"என்ன சொல்றார் பெரியவர்?"

"மேல போகணுமாம். இன்னும் விடுங்க," என்றாள் கொக்கி. போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டே சொன்னாள். பிறகு போனை இறக்கிவிட்டு, படகு ஓட்டுகிறவரிடம் திரும்பி, எங்கப்பா யார் தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டாள். துறைமுகம், கிரேன், முப்பத்தொரு வருடம், ஒரு விபத்து கிடையாது. பெருமை பேசி முடித்து அவள் திரும்பியபோது கயிறு உள்ளே வந்துகொண்டிருந்தது, அப்பா படகை நெருங்கிக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்படிப்பா இருந்துச்சு என்று கேட்டதற்கு, "டீ கிடைக்குமா?" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அவள் இரண்டு காகிதக் கோப்பைகளில் வாங்கிக்கொண்டு வந்தபோது, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். களைத்துப்போய்த் தூங்குகிறார் என்று நினைத்தாள். அவருடைய கோப்பையை மணலில் குத்திவைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் டீயை நிதானமாகக் குடித்தாள். கால் மணி நேரம். டீ ஆறிப்போகிறதே என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

"இதயம்தான். ரொம்ப நாளாவே பழுதா இருந்திருக்கு. வீட்டுல உக்காந்திருந்தாலும் நின்னிருக்கும்," என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று கொக்கிக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் அவளுடைய போனை வாங்கி, அந்தப் பதினோரு விநாடிப் படத்தை இரண்டு முறை பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கயிறும் உருளையும்தான் அவன் பிழைப்பு. மூன்றாவது முறை பார்த்துவிட்டுக் கேட்டான்.

"கிரேன்ல இந்த சிக்னல் குடுத்தா டிரைவர் என்ன பண்ணுவார்?"

"தூக்குவார்."

"எப்படித் தூக்குவார்? கயிறை உள்ள சுத்துவார். சுத்தினா சரக்கு மேல வரும். படகுல கயிறை உள்ள சுத்தினா?"

படகில் கயிற்றை உள்ளே சுற்றினால் ஆள் கீழே வருவான்.

"கயிறைச் சுத்து, என்னை இழுத்துக்கோன்னு சொல்லியிருக்கார்," என்றான் அண்ணன். "நீ இன்னும் விடச் சொல்லிட்ட."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அதோடு போயிருக்கும்.

*

பதினொரு மணிக்கு மேல் துறைமுகத்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகள் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். கிரேன் மாமா கடைசியாக வந்தார். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் ஓய்வு கேட்கிற வயது. கூண்டுக்கு ஏறுகிற ஏணியே என் முட்டியைத் தின்றுவிட்டது என்று எப்போதும் சொல்வார். அப்பாவும் அவரும் இருபத்திரண்டு வருடம் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. நேரில் உட்காரவைத்தால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. மழை வரும்போல இருக்கு, ஆமா வரும்போல இருக்கு, அவ்வளவுதான்.

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து கொக்கியின் தலையில் கையை வைத்தார். மூன்று நாளாக அழாதவள் அப்போதும் அழவில்லை. "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

வீட்டின் பின்கட்டில் அண்ணன் கருவிகளைப் போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. மாமாவை அங்கே கூட்டிப்போய், கவிழ்த்துவைத்த மரப்பெட்டியில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். போனை நீட்டினாள்.

பதினோரு விநாடி. நீல வானம், சிவப்பு மஞ்சள் பாராசூட், அதற்குக் கீழே சின்னதாக அப்பா. விரல் சுற்றுகிறது. 'மேல போகணுமாம். இன்னும் விடுங்க.' அவளுடைய குரல்தான். அவளுக்கே கேட்கப் பிடிக்காத சந்தோஷமான குரல். மாமா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அடுத்தது என்ன காட்டினான்?"

"தெரியாது மாமா. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பேசிட்டு இருந்தேன்."

"அப்ப என்னால சொல்ல முடியாதும்மா."

"நீங்களே சொல்ல முடியாதுன்னா வேற யாரு மாமா சொல்லுவா?"

"ஒத்தை சிக்னலை வச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது. முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு பாக்கணும். உன் மனசு ஆறணும்னு எதையாவது சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா உங்கப்பன் விஷயத்துல அதைச் செய்ய எனக்கு மனசு வராது. அவன் கையில பொய்யே சொன்னதில்ல."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கொக்கி அதை வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். இனிமேல் இந்தக் கேள்வியோடுதான் வாழவேண்டும் என்று தெரிந்துபோயிற்று. காலையில் எழுந்தால் அது, ராத்திரி படுத்தால் அது. அறுபது வயதானாலும் அது இருக்கும்.

"முழுசா இருக்கு," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அண்ணி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், உள்ளே வருவதா வேண்டாமா என்று அண்ணன். "படகுக் கம்பத்துல ஒரு கேமரா வச்சிருந்தாங்கல்ல? எல்லாருக்கும் எடுப்பாங்களாம். முந்தாநாளே அனுப்பிட்டாங்க. இவர் பாக்க மாட்டேன்னுட்டார். அழிச்சிருன்னார். நான் அழிக்கல."

"நீ பாத்தியா அண்ணி?"

"பாத்தேன். எனக்கு ஒண்ணும் புரியல. நான்தான் ஆசீர்வாதம்னு குனிஞ்சவளாச்சே."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மூன்று நாளுக்குப் பிறகு அந்த அறையில் மூச்சு விட முடிந்தது.

அண்ணி தன் போனை மாமாவின் கையில் கொடுத்தாள். "சத்தத்தை நிறுத்திடு," என்றார் அவர். "எனக்குச் சத்தத்தோட பாத்துப் பழக்கமில்ல." போனை எதிரே இருந்த அலமாரித் தட்டில், ஒரு பெயிண்ட் டப்பாவில் சாய்த்துவைத்தார்கள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

படத்தில் அப்பாவின் விரல் சுற்றியது. மாமாவின் வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு பிடியைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தது. அது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. படத்தில் கயிறு நீண்டது, அப்பா சின்னதாகிக்கொண்டே போனார். விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு கையும் அகல விரியப் போகிறது, இதோ விரியப் போகிறது என்று கொக்கி பார்த்துக்கொண்டு நின்றாள்.

விரியவில்லை. அப்பாவின் இடது உள்ளங்கை வந்து, சுற்றும் விரலுக்கு மேலே நின்றது.

"மெதுவாங்கறான்," என்றார் மாமா. அவருடைய கை பிடியைக் கொஞ்சம் முன்னால் தளர்த்தியது.

பிறகு அப்பாவின் வலது கை பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை கவிழ்ந்தது.

"நிறுத்து." மாமாவின் கை நடுவில் வந்து நின்றது. படத்தில் கயிறு இன்னும் கொஞ்சம் ஓடித்தான் நின்றது. மாமா உச்சுக்கொட்டினார். "ரெண்டு மீட்டர் லேட்டு, அந்தப் படகுக்காரன்."

அப்பா இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். எல்லாம் அப்படியே இருக்கட்டும். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா வேறு எதுவும் செய்யவில்லை. கடலுக்கு மேலே கைகளைக் கோத்துக்கொண்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர் தலையைக் குனிந்து, தனக்குக் கீழே இருப்பதையெல்லாம் பார்த்தார். ஒரு பக்கம் திரும்பிக் கரையைப் பார்த்தார், மறுபக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். மாமா அசையவில்லை. மற்றவர்களும் அசையவில்லை.

எவ்வளவோ நேரம் கழித்து அப்பா கைகளைப் பிரித்தார். வலது கை கீழே தாழ்ந்தது. விரல் கடலைப் பார்த்து வட்டம் போட்டது.

"இறக்குங்கறான்." மாமாவின் கை பிடியை முன்னால் தள்ளியது. படத்தில் கயிறு உள்ளே வர ஆரம்பித்தது. "பாத்துக்கிட்டியா? இறங்கணும்னா அவன் இதைத்தான் காட்டுவான். காட்டியிருக்கான். அப்ப முன்னாடி காட்டினது மேலதான்."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ கயிறையும் உருளையையும் பாக்கறவன், அதான் அப்படி நெனச்சிட்ட. உருளை எனக்குப் பின்னாடி ரூமுக்குள்ள இருக்கும். இருபத்திரண்டு வருஷத்துல உங்கப்பன் ஒரு நாள் அதைப் பாத்தது கிடையாது. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் சரக்குதான். சரக்கு மேல போகணுமா, கீழ வரணுமா. அன்னிக்கு அவன்தான் சரக்கு."

கொக்கி சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடத்தில் யாரோ இருமுகிற சத்தமும் நாற்காலி இழுபடுகிற சத்தமும் கேட்டன.

அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகம் இன்னும் தெளியவில்லை.

"அந்தக் காது மணல்," என்றான். "அது நான்."

யாருக்கும் புரியவில்லை.

"பாறைக்கு அந்தாண்ட வளைக்கும்போது ஜெட் ஸ்கீயைக் கவுத்துட்டேன். வேகமாப் போயிட்டேன். ஆழம் இல்ல, இடுப்பளவுதான். ஆனா அவர் தலை மணல்ல போய்க் குத்துச்சு. ஒரு நிமிஷம் ஆளைக் காணல. எழுந்து வந்து சிரிச்சார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அவரே கையைக் காட்டினார். என் மேல பழி வந்துருமேன்னு..." அவன் நிறுத்தினான். "உன் தலையில போட்டுட்டேன்."

கொக்கி நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளாக அவன் சவரம் செய்யவில்லை என்பதையே இப்போதுதான் கவனித்தாள். கோபம் வரவேண்டிய இடம். வந்தது. அது தங்காமல் போனதும் அவளுக்கே தெரிந்தது. இவனும் இதே மூன்று நாளை இதே வீட்டுக்குள்தான் சுமந்திருக்கிறான். காலையில் காதைத் துடைக்காதே என்று சொன்னவன், தன்னைப் பார்க்காதே என்று கெஞ்சியிருக்கிறான்.

"மெதுவா ஓட்டச் சொல்லுன்னு காட்டினாரே," என்றாள். "அப்பவே சொல்லிட்டார் எங்ககிட்ட. நாங்கதான் சிரிச்சுட்டு விட்டுட்டோம்."

அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாமா மரப்பெட்டியிலிருந்து எழுந்திருக்கக் கையை நீட்டினார். அவரைத் தூக்கிவிட அண்ணனுக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு கை தேவைப்பட்டது.

*

நாலு மணிக்கு இடுகாட்டில் வெயில் சாய்ந்திருந்தது. குழி வெட்டுகிறவர்கள் மண்ணை ஒரு பக்கமாகக் குவித்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பெட்டிக்கு அடியில் இரண்டு கயிறுகளைக் குறுக்காகக் கொடுத்து, நாலு முனையை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். தலைமாட்டில் அண்ணனும் கிரேன் மாமாவும். கால்மாட்டில் துறைமுகத்து ஆட்கள் இருவர். முட்டியை வைத்துக்கொண்டு நீங்க வேண்டாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் மாமா கயிற்றை விடவில்லை.

பெட்டி குழிக்குள் ஒரு முழம் இறங்கியதும் சாய்ந்தது. கால்பக்கம் தாழ்ந்து, தலைப்பக்கம் தூக்கிக்கொண்டது. உடனே சுற்றி நின்ற அத்தனை பேரும் மேஸ்திரி ஆகிவிட்டார்கள்.

"அந்தப் பக்கம் விடுங்க."

"விடாதீங்க, பிடிங்க."

"இவரைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுப்பா."

"ஏய், இழுக்காத, இழுக்காத."

நாலு பேரும் நாலு பேச்சைக் கேட்டுக்கொண்டு நாலு விதமாக இழுத்தார்கள். பெட்டி குழியின் சுவரில் இடித்தது. உள்ளே அப்பா ஒரு பக்கமாகச் சரிவதைக் கொக்கி தன் உடம்பில் உணர்ந்தாள். கிரேன் மாமா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தி, குழிக்கு எதிர்ப்பக்கம் நின்ற அவளைப் பார்த்தார்.

அவளுக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று.

இரண்டு எட்டு முன்னால் வந்து, குழியின் ஓரத்தில், நாலு பேருக்கும் தெரிகிற மாதிரி நின்றாள். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தாள். மாமாவின் கண்ணும் அண்ணனின் கண்ணும் அந்தக் கைக்கு வந்தன. துறைமுகத்து ஆட்கள் இருவருக்கும் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. கயிறுகள் நின்றன. பேச்சும் ஒவ்வொன்றாக நின்றது.

கால்மாட்டு ஆட்களைப் பார்த்து விரலை மேலே வைத்துச் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். பெட்டி நேரானது. நிறுத்தினாள். பிறகு கையைத் தாழ்த்தி, விரலைக் குழிக்குள் பார்க்க வைத்து, இடது உள்ளங்கையை அதற்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு வட்டம் போட்டாள். நாலு கயிறும் ஒன்றுபோல் நழுவின. அண்ணனின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்க அவனுக்குக் கை இல்லை, பார்வையை அவள் விரலிலிருந்து எடுக்கவும் இல்லை. பெட்டி இம்மியும் சாயாமல், எதிலும் இடிக்காமல் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசி ஒரு சாணில் இன்னும் மெதுவாக்கினாள். அடியில் மண் தொடுகிற சத்தம் கேட்டதும் கையை நீட்டிக் கவிழ்த்தாள்.

குழி வெட்டுகிறவர்களில் ஒருவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

கொக்கி இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டாள். அவருக்கு அது புரியவில்லை. பக்கத்தில் நின்ற துறைமுகத்து ஆள் அவருடைய தோளைத் தொட்டு நிறுத்தினார். காற்று அடித்தது, குவித்துவைத்த மண்ணிலிருந்து கொஞ்சம் உதிர்ந்தது. எதிர்ப்பக்கம் கிரேன் மாமா கயிற்று முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, முட்டி நடுங்க நடுங்க, அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவற்றைப் பிரிக்கும்வரை அவர் கயிற்றை விடவில்லை.